எந்தக் கணக்கு யார் கையில்: புறநகர் ஆடிட்டர்களுக்கு ஒரு வழிகாட்டி

தாம்பரம் கேம்ப் ரோடு சந்திப்பிலிருந்து ராஜகீழ்ப்பாக்கம் வழியாக மேடவாக்கத்தை நோக்கிச் செல்லும் வேளச்சேரி பிரதான சாலையில், மருந்துக் கடைக்கும் ஹார்டுவேர் கடைக்கும் மேலே முதல் மாடியில் நடைபெற்றுவரும் ஆடிட்டர் அலுவலகங்கள், பெரும்பாலும் ஒருவரோ இருவரோ கையொப்பமிடும் அதிகாரம் பெற்று, நாலைந்து உதவியாளர்களின் துணையோடு நடத்துபவை. நகைக்கடைக்காரர், சிறு கட்டுமானக்காரர், மருத்துவர், குடியிருப்போர் சங்கம், விமானப் படையில் சேவை செய்து ஓய்வு பெற்றவர், சானடோரியத்தில் 1984-இல் நிறுவப்பட்ட மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்தின் ஆர்டர்களை நம்பி வாழும் பட்டறைக்காரர் என்று அவற்றின் கட்சிக்காரர்கள் பல தரத்தினர். இந்தச் சிறிய அலுவலகங்கள் தம் சக்திக்கு மீறி வளர்ந்துவிட்ட வேலையைச் சமாளிக்க வெளியார் உதவியை நாடலாமா, நாடினால் எந்த வகை உதவி யாருக்குப் பொருந்தும் என்பதே இங்கு விசாரிக்க எடுத்துக்கொண்ட விஷயம்.

சுமையின் தன்மையை அறிய நாட்காட்டியைப் பார்த்தாலே போதும். மாதந்தோறும் 7-ஆம் தேதிக்குள் பிடித்தம் செய்த வரியைக் கட்டி, 11-க்குள் ஜி.எஸ்.டி. விற்பனை விவரத்தை ஏற்றி, 15-க்குள் பி.எஃப்., இ.எஸ்.ஐ. செலுத்தி, 20-க்குள் ஜி.எஸ்.டி. 3பி ரிட்டர்னைத் தாக்கல் செய்து நிமிர்வதற்குள் அடுத்த மாதம் வாசலில் வந்து நிற்கிறது. இதன்மேல் காலாண்டு டி.டி.எஸ். ரிட்டர்ன்களும், ஜூலை 31-இல் மாதச் சம்பளக்காரர்களின் வருமான வரி ரிட்டர்ன்களும், செப்டம்பர் 30-இல் வரித் தணிக்கை அறிக்கையும், அதே தேதியை ஒட்டி மாநகராட்சிக்குச் செலுத்த வேண்டிய அரையாண்டுத் தொழில்வரியும் சேர்கின்றன. 2025-ஆம் ஆண்டில் ரிட்டர்ன் தேதி செப்டம்பர் 16 வரையிலும் தணிக்கை அறிக்கைத் தேதி நவம்பர் 10 வரையிலும் தள்ளிப்போனபோது, அவகாசம் கிடைத்ததென்று மகிழ்ந்த அலுவலகங்கள், ஒன்றன்பின் ஒன்றாக வரவேண்டிய வேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்பதைக் கண்டன. அவ்வாண்டுத் தீபாவளியும் அக்டோபர் 20-ஆம் தேதியே வந்தது. அதுவே 3பி-யின் கடைசி நாளாகவும் இருந்து, பிறகு 25-க்கு நீட்டிக்கப்பட்டது.

வேலை இவ்விதம் பெருக, கைகளோ குறைந்தன. மூன்று ஆண்டுகளாக இருந்த ஆர்ட்டிகிள் பயிற்சி 2023 ஜூலை 1-ஆம் தேதி முதல் இரண்டு ஆண்டுகளாகச் சுருங்கியது. இறுதித் தேர்வும் 2025 முதல் ஜனவரி, மே, செப்டம்பர் என்று ஆண்டில் மூன்று முறை நடைபெறுகிறது. மாணவர்களுக்கு இது நன்மையே, அதைக் குறை சொல்ல நியாயமில்லை. ஆனால் தொழிலின் நெளிவுசுளிவுகளை ஓரளவு கற்றுக்கொண்ட பையனோ பெண்ணோ தணிக்கை மும்முரமாக நடக்கும் செப்டம்பரிலேயே விடுப்பில் போய்விட, புதிதாகச் சேர்ந்தவருக்கு மறுபடியும் வவுச்சரிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டியதாகிறது. இதற்கிடையில் 2025-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்து, அறுபது ஆண்டுகளுக்கு மேலாக மனப்பாடமாயிருந்த பிரிவு எண்களை எல்லாம் மாற்றிவிட்டமையால், அனுபவஸ்தர்களும் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தே பேச வேண்டியிருக்கிறது.

இந்நிலையில் "வேலையை யாரிடம் கொடுக்கலாம்?" என்று கேட்பதே எல்லோருக்கும் இயல்பாக இருக்கிறது. அதற்கு முன்பாக, "இது யாருடைய வேலை?" என்று கேட்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். நம் புறநகர் அலுவலகங்களில் கடைக்காரர் பில்களைப் பையோடு கொண்டுவந்து மேஜைமேல் கொட்டிவிட்டுப் போவதும், அலுவலகமே அவற்றை டாலியில் ஏற்றி, ஐந்தொகை தயாரித்து, பிறகு அதே கணக்கைத் தணிக்கை செய்து கையொப்பமிடுவதும் நெடுநாள் வழக்கமாகிவிட்டன. கம்பெனிச் சட்டம் 2013-இன் 144-ஆம் பிரிவோ, ஒரு கம்பெனியின் தணிக்கையாளர் அக்கம்பெனிக்கு நேராகவோ மறைமுகமாகவோ கணக்கெழுதும் சேவையைச் செய்யலாகாது என்று தடுக்கிறது. கம்பெனி அல்லாத வியாபாரிகளின் வரித் தணிக்கையிலும், புத்தகங்களை எழுதும் பொறுப்பை ஏற்றவரே அவற்றைத் தணிக்கை செய்யக்கூடாது என்பதுதான் பட்டயக் கணக்காளர் கழகத்தின் வழிகாட்டுதல். ஆகவே இத்தகைய கட்சிக்காரரின் கணக்கெழுத்தை ஆடிட்டர் தம் அலுவலகத்தின் பெயரால் வெளியாரிடம் ஒப்படைத்தால் சுமை குறையலாமே ஒழிய தோஷம் நீங்காது. கட்சிக்காரரே ஒரு கணக்கெழுதுபவரைத் தம் பொறுப்பில் நேரடியாக அமர்த்திக்கொண்டு, அவருக்கு வேண்டிய சம்பளத்தையோ கட்டணத்தையோ தாமே கொடுத்து, ஒழுங்காக எழுதி முடித்த புத்தகத்தை ஆடிட்டரிடம் கொண்டுவர வேண்டும். இதைச் சொன்னால் கட்சிக்காரர் அடுத்த தெரு ஆடிட்டரிடம் போய்விடுவார் என்ற அச்சம் உண்மையானதே. ஆனாலும் இவ்விதம் பிரித்து அனுப்பிய பிறகு மேஜையில் எஞ்சும் வேலையை அளந்து பார்த்தால், வெளியே கொடுக்கவேண்டியது எண்ணியிருந்ததைவிட வெகு குறைவு என்று தெரியவரும்.

எஞ்சுவதில் எது வெளியே போகத் தக்கது என்பதற்கு ஒரே ஒரு பரீட்சை சொல்வேன்: செய்து திரும்பிவந்த வேலையைச் சரிபார்க்க ஆகும் நேரம், அதை நாமே செய்ய ஆகும் நேரத்தில் சிறு பங்காக இருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. 2பி சரிபார்ப்பை எடுத்துக்கொள்வோம். கொள்முதலுக்கான வரிவரவு 2பி பட்டியலில் தோன்றினாலன்றிக் கிடையாது என்ற விதி 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அப்பட்டியல் 14-ஆம் தேதி வெளியாகிறது. 3பி-க்குக் கடைசி நாள் 20. இடையில் கிடைக்கும் ஆறு நாட்களில், ஒரு ஹார்டுவேர் கடையின் கொள்முதல் புத்தகத்தில் "0417" என்று எழுதிய பில்லைச் சப்ளையர் "417" என்று ஏற்றியிருப்பதையும், மார்ச் மாதத்துச் சிமெண்ட் பில்லை அவர் ஏப்ரலில் காட்டியிருப்பதையும், பெயிண்ட் கம்பெனி கொடுத்த தள்ளுபடிக்கான கிரெடிட் நோட் கடைக்காரரின் புத்தகத்தில் ஏறவே இல்லாததையும் வரிவரியாகக் கண்டுபிடிக்க வேண்டும். நூற்றுக்கணக்கான வரிகளை ஒப்பிடும் இந்த உழைப்பை மற்றொருவர் செய்து, ஒத்துப்போகாத பத்துப் பன்னிரண்டு வரிகளை மட்டும் காரணத்தோடு எழுதித் தந்தால், ஆடிட்டர் அவற்றை அரைமணியில் தீர்த்துவிடலாம். வங்கி அறிக்கைகளை டாலியில் ஏற்றுவதும், மருந்துக் கடையின் க்யூ.ஆர். வரவுகளை நாள்வாரியாகக் கூட்டுவதும், டி.டி.எஸ். விவரங்களைத் தொகுப்பதும் இதே ஜாதியைச் சேர்ந்தவை. அதற்கு மாறாக, வரித்துறையின் நோட்டீசுக்குப் பதில் எழுதுவது, சரக்கு இருப்பின் மதிப்பை ஒப்புக்கொள்வது, கட்சிக்காரர் கொண்டுவந்த ரொக்கக் கடனின் உண்மையை விசாரிப்பது ஆகிய காரியங்களில், பிறர் செய்ததைச் சரிபார்ப்பதென்றால் மறுபடி முழுவதையும் செய்வதுதான். அவற்றை வெளியே அனுப்புவதால் யாதொரு பிரயோஜனமும் இல்லை.

இனி வழிகளைப் பார்ப்போம். அலுவலகத்திலேயே நிரந்தரமாக ஒரு பட்டதாரியைச் சேர்ப்பது முதலாவது. சுமை ஆண்டு முழுவதும் ஒரே சீராக இருந்தால் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. கட்சிக்காரரின் சுபாவத்தை அறிந்தவர் பக்கத்து நாற்காலியில் இருப்பதன் அருமை தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். செப்டம்பரில் மட்டும் பெருகி, பிப்ரவரியில் வடிந்துவிடும் சுமைக்காகப் பன்னிரண்டு மாதச் சம்பளத்தை ஏற்பது மட்டும் விவேகமாகாது.

இரண்டாவது வழி, வீட்டிலிருந்தே வேலை செய்யக்கூடியவர்களை அமர்த்துவது. சேலையூரிலும் செம்பாக்கத்திலும் சிட்லபாக்கத்திலும், பி.காம். முடித்துச் சில ஆண்டுகள் ஆடிட்டர் அலுவலகத்திலோ கம்பெனிக் கணக்குப் பிரிவிலோ பணியாற்றி, திருமணமோ குழந்தைப் பேறோ காரணமாக வேலையை விட்ட பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய திறமை அடுக்களையில் முடங்கிக் கிடப்பது சமூகத்திற்கே நஷ்டம் என்று நான் கருதுகிறேன். குழந்தை பள்ளிக்குப் போன பிறகு காலை பத்து முதல் இரண்டு வரை கிடைக்கும் அந்த நான்கு மணி நேரத்தில், அனுபவமுள்ள ஒருவர் செய்யும் வேலை, புதிதாகச் சேர்ந்த பயிற்சியாளரின் ஒரு நாள் வேலைக்குக் குறையாது. சந்தேகம் வந்தால் ஸ்கூட்டரில் ஐந்து நிமிடத்தில் அலுவலகத்துக்கு வந்து பில்லை நேரில் பார்க்கலாம். கடைக்காரரின் கையெழுத்தும் தமிழில் எழுதிய ரொக்கச் சீட்டும் அவர்களுக்குப் புரியும். ஆனால் கணக்குகளைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தனுப்பும் பழக்கம் கூடவே கூடாது. டாலி அலுவலகக் கணினியிலேயே இருக்க, வீட்டிலிருந்து இணையம் வழியாக அதில் நுழைந்து வேலை செய்துவிட்டு வெளியேறும்படி ஏற்பாடு செய்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பயனர் பெயர் கொடுத்தால், எந்தப் பதிவை யார் எப்போது செய்தார் என்பது தெரிந்துகொண்டே இருக்கும். வருமான வரித் தளம், ஜி.எஸ்.டி. தளம் ஆகியவற்றின் பாஸ்வேர்டையும், கட்சிக்காரரின் டிஜிட்டல் கையொப்ப டோக்கனையும் எக்காரணம் கொண்டும் அலுவலகத்துக்கு வெளியே விடலாகாது. இவ்வழியின் பலவீனமும் வெளிப்படையானது: வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் 19-ஆம் தேதி வேலை நின்றுபோகும். ஆகவே ஒருவரை நம்பாமல் இருவரைப் பழக்கி வைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, இதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்களிடம் ஒப்பந்தம் செய்துகொள்வது. சென்னைக்கு இது புதிதன்று. உலக வங்கியே தன் கணக்கு வேலைகளைச் செய்ய 2001-இல் இங்கே ஓர் அலுவலகம் தொடங்கி, இன்று தரமணியில் பெரிய கட்டடத்தில் நடத்திவருகிறது. அமெரிக்க ஆடிட்டர்களும் ஏப்ரல் 15-ஆம் தேதிக் கெடுவுக்கு முன் தங்கள் ரிட்டர்ன் வேலைகளின் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்புகிறார்கள். இத்தகைய நிறுவனங்களில் ஒருவர் விடுப்பில் போனால் மற்றொருவர் அமர்வார். பாதுகாப்பு ஏற்பாடுகள் எழுத்தில் இருக்கும். ஆனால் குறைந்தபட்ச வேலை அளவு கேட்பார்கள். கட்டணத்தின்மேல் 18 சதவிகித ஜி.எஸ்.டி. சேரும். நம் அலுவலகமும் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றிருந்தால் அந்த வரியை வரவு வைத்துக்கொள்ளலாம், இல்லையேல் அது சுத்தமான செலவு. மேலும் பில்களை ஸ்கேன் செய்து, தேதிவாரியாகப் பெயரிட்டு, ஒழுங்காக அனுப்பினாலன்றி அவர்களால் வேலை செய்ய இயலாது. பையோடு கொட்டப்படும் பில்களை அந்நிலைக்குக் கொண்டுவருவதற்கே இங்கே ஓர் ஆள் வேண்டும். மெப்ஸைச் சார்ந்த பட்டறைகளைப்போல் கணினியிலேயே பில் போடும் கட்சிக்காரர்கள் அதிகமாயிருக்கும் அலுவலகத்துக்கே இவ்வழி லாபகரமானது.

வேறொரு ஆடிட்டர் அலுவலகத்தோடு பரஸ்பர உதவி ஏற்பாடு செய்துகொள்வதும் உண்டு. இருவருக்கும் ஒரே காலத்தில்தான் நெருக்கடி வருகிறது என்பதால் அதன் பயன் பரிமிதமானது. நோய்வாய்ப்பட்ட சமயத்தில் மட்டும் அது பெரும் துணை.

எவ்வழியைத் தேர்ந்தாலும் கட்சிக்காரருக்குச் சொல்லாமல் செய்யக்கூடாது. 1949-ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, தொழில் நிமித்தம் அறிந்த தகவலைக் கட்சிக்காரரின் சம்மதமின்றிப் பிறருக்கு வெளியிடுவதைத் தொழில் ஒழுக்கக் கேடாகவே வைத்திருக்கிறது. அமெரிக்காவில், ரிட்டர்ன் விவரங்களை நாட்டுக்கு வெளியே அனுப்புவதற்கு முன் வரி செலுத்துபவரின் எழுத்துபூர்வமான சம்மதத்தைப் பெறவேண்டும் என்று வரித்துறை விதியே இருக்கிறது. நம் 2023-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தரவை வேறொருவரிடம் கொடுத்துச் செயலாக்கினாலும் முதற்பொறுப்பு கொடுத்தவரையே சாரும் என்கிறது. கட்சிக்காரருடன் செய்துகொள்ளும் பணி ஒப்பந்தக் கடிதத்தில் இரண்டு வரி சேர்த்து, "கணக்கு ஒப்பீட்டு வேலையில் எங்கள் கட்டுப்பாட்டிலுள்ள வெளி உதவியாளர்களின் சேவையைப் பயன்படுத்துவோம்" என்று எழுதிக் கையெழுத்து வாங்குவது கடினமான காரியமன்று. தம் மகளின் கல்யாணத்துக்கு எடுத்த நகைக் கடன் விவரம் வரை ஆடிட்டரை நம்பிச் சொல்கிற மனிதருக்கு, அது எத்தனை கண்களில் படும் என்று அறியும் உரிமை உண்டு.

செலவை ஒப்பிடும்போது சரிபார்க்கும் நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு கடையின் மாத வேலைக்கு அலுவலகத்தில் ஆறு மணி நேரம் ஆகிறதென்று வைத்துக்கொண்டால், வெளியே கொடுத்துத் திரும்பியதைச் சரிபார்க்க ஒரு மணி நேரம் ஆனால் ஏற்பாடு நல்லது. மூன்று மணி நேரம் ஆனால் கட்டணம் எவ்வளவு மலிவாயிருந்தாலும் நஷ்டமே. தணிக்கை அறிக்கையின் அடியில் பதினெட்டு இலக்க யு.டி.ஐ.என். எண்ணோடு நிற்பது ஆடிட்டரின் பெயர் மட்டுமே ஆதலால், அந்த ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடிக்க நினைப்பவர் இத்துறையில் அடியெடுத்து வைக்காதிருப்பதே நலம்.

தீர்மானமாகச் சொல்வதானால், மாதம் நாற்பது ஐம்பது ஜி.எஸ்.டி. ரிட்டர்ன்களும் இருபது முப்பது வரித் தணிக்கைகளும் உள்ள ராஜகீழ்ப்பாக்கத்து அலுவலகத்துக்கு இரண்டாவது வழியையே சிபாரிசு செய்வேன். கட்சிக்காரர்கள் பெருகி, அவர்களில் பாதிப்பேர் கணினி பில்லுக்கு வந்த பிறகு மூன்றாவது வழியை யோசிக்கலாம். எதையும் செப்டம்பரில் தொடங்கலாகாது. மூழ்கும் சமயத்தில் பழக்கிக்கொடுக்க யாருக்கும் பொறுமை இராது. ஜனவரியில் இரண்டு கட்சிக்காரர்களின் கணக்கை மட்டும் கொடுத்து, மூன்று மாதத்து 2பி ஒப்பீட்டை அலுவலகத்திலும் இணையாகச் செய்து பார்த்து, இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்று குறித்து, அக்குறிப்பையே வேலைமுறையாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஒப்பந்தம் எழுதும்போது, வேலையை நிறுத்தும் நாளில் எல்லாத் தரவும் எந்த வடிவில் திரும்பிவரும், பிரதிகள் எப்படி அழிக்கப்படும், பாதியில் நின்ற மாதத்துக்குக் கட்டணம் எவ்வளவு என்ற மூன்றையும் முதல் பக்கத்திலேயே சேர்த்து, இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகே முதல் பில்லை அனுப்புவது முறை.