மௌனமும் அபாயக் குறியே



ரயில்வே சிக்னல் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றபின், கோவண்டியில் எங்கள் குடியிருப்பின் படிப்பறையைக் கவனிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பத்துக் கணிப்பொறிகள், அவற்றை இணைக்க ஒரு சுவிட்ச். விளக்குப் போடும் சுவிட்ச் அல்ல. எல்லாக் கம்பிகளும் வந்து சேரும் பெட்டி. நம் குர்லா ஜங்ஷன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏதேனும் கோளாறு என்றால் அதுவே செய்தி அனுப்பும்படி அமைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். இதற்கு 'டிராப்' என்று பெயர். ஒருநாள் பகலில் சுவிட்சின் அடாப்டர் எரிந்துபோயிற்று. செய்தி வரவில்லை. செத்தவன் தன் சாவுக்குத் தந்தி அடிப்பானா? தேர்வு விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாள் என்று மாலையில் வந்த பெண், செம்பூருக்கு ஓடவேண்டியதாயிற்று. நல்ல வேளை, நேரத்துக்குள் அனுப்பிவிட்டாள். ஆனால் அவள் அப்பா, "சார், நீங்க இன்ஜினியர்தானே?" என்று கேட்டது இன்னும் குத்துகிறது.

சிக்னல்காரன் செய்யக்கூடாத தவறு அது. 1872இல் அமெரிக்காவில் வில்லியம் ராபின்சன் காப்புரிமை பெற்ற 'டிராக் சர்க்யூட்'டில், தண்டவாளம் வழியே ஓடும் சிறு மின்சாரம் ரிலேயைத் தூக்கிப் பிடித்திருக்கும். வண்டி வந்தாலும், கம்பி அறுந்தாலும், பேட்டரி தீர்ந்தாலும் ரிலே விழுந்து சிக்னல் சிவப்பாகிவிடும். மின்சாரம் வரவில்லை என்பதே அங்கே எச்சரிக்கை.

சுவிட்சுக்கும் அப்படிச் செய்யலாம். 1988இல் விதிமுறையாக வெளியான எஸ்.என்.எம்.பி. என்ற முறையில், கண்காணிக்கும் கணிப்பொறி 161ஆம் போர்ட்டில் "சுகமா?" என்று கேட்கும், சுவிட்ச் பதில் சொல்லும். டிராப் போவது 162இல். அது சாதாரணத் தபால் போல, சேர்ந்ததா என்று அனுப்பியவருக்குத் தெரியாது.

முதலில், வாங்கும்போதே 'மேனேஜ்டு' சுவிட்சா என்று கேளுங்கள். மலிவான பெட்டி பதிலே சொல்லாது. அதற்கு மாறாத முகவரி ஒன்று கொடுங்கள். பழைய பதிப்புகளில் கடவுச்சொல் மறைக்கப்படாமல் போகும். அதுவும் பெரும்பாலும் 'பப்ளிக்' என்றே இருக்கும், வாசலில் சாவியைத் தொங்கவிட்ட கதைதான். ஆகவே மூன்றாம் பதிப்பை, கடவுச்சொல்லும் மறையீடும் சேர்த்து வையுங்கள். கண்காணிக்கும் கணிப்பொறி ஒன்றுக்கு மட்டுமே பதில் சொல்ல அனுமதியுங்கள். ஒவ்வொரு போர்ட்டுக்கும் 'ஜன்னலோரக் கணிப்பொறி' என்பதுபோலப் பெயர் எழுதுங்கள்; இரவில் பழுது தேடும்போது என்னை வாழ்த்துவீர்கள்.

பிறகு நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கச் சொல்லி, மூன்று முறை பதில் இல்லையென்றால் மணி அடிக்க வையுங்கள். மின்னஞ்சலை மட்டும் நம்பாதீர்கள். அதுவும் அந்தச் சுவிட்ச் வழியாகத்தானே போகவேண்டும்!

ஒன்று சொல்ல மறந்தேன். சுவிட்ச் எத்தனை நாளாக ஓடுகிறது என்று காட்டும் எண், 497 நாளில் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். கரண்ட் போய் வந்ததோ என்று பதறவேண்டாம்.

எல்லாம் முடித்து, அடாப்டரை நானே பிடுங்கிப் பார்த்தேன். மூன்றாம் நிமிடம் மணி அலறியது. வாட்ச்மேன் தடியோடு ஓடிவந்தார்.