தறியும் ஒட்டுச் சித்திரமும்

யந்திரத்தைக் குறித்த அச்சம் நமது அங்கத்தினர்களுக்குப் புதிதன்று. 1932-இல் பைகாரா மின்நிலையம் தொடங்கியபின் கோவையில் நூலாலைகள் பெருகின. பின்னர் சோமனூர், பல்லடம் பக்கங்களில் விசைத்தறிகள் மலிந்தன. விசைத்தறியில் ஓட்டிய போலி ஜமக்காளம் தங்கள் ஊர்ப் பெயராலேயே விற்பனையாவதைக் கண்டு பவானி நெசவாளர் வருந்தினர். 1985-ஆம் ஆண்டுச் சட்டம் கைத்தறிக்கென 22 இரகங்களை ஒதுக்கிற்று. பிற்பாடு அவை 11 ஆயின. ஜமக்காளம் அப்பட்டியலில் தப்பி நிற்கிறது. இன்றோ பூவேலைக்கு மாதிரி வரையவும் கணிப்பொறி வந்துவிட்டது. இவ்வச்சத்தைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்த ஒரு கலையை இம்மாதம் பயில்வோம்.

அதனை ஒட்டுச் சித்திரம் என்னலாம்; மேனாட்டார் கொலாஜ் என்பர். வண்ணத்தோடு காகிதம், துணி, கயிறு முதலிய பொருள்களையும் ஒட்டி அமைப்பது. 1912-இல் பாரிஸ் நகரில் பிக்காசோ, பிரம்புப் பின்னல் அச்சிட்ட மெழுகுசீலையை ஓவியத்தில் ஒட்டி, சுற்றிலும் கயிற்றையே சட்டமாக்கினார்.

முதல் உலக யுத்தத்துக்குப்பின் பெர்லினில் இக்கலை வேறு திசையில் திரும்பிற்று. அங்கே ஹன்னா ஹோக் என்னும் பெண்மணி, ஒரு பத்திரிகை நிறுவனத்துக்குத் தையல் வேலைக்கும் லேஸுக்கும் மாதிரி வரைந்து கொடுத்துப் பிழைத்தவர். நம் வழக்கில் சொன்னால் டிசைன் போடுகிறவர். 1919-20-இல் அவர் செய்த 'அழகிய பெண்' என்ற சித்திரத்தில், குளியலுடை அணிந்த ஒருத்தி இரும்பு உத்திரத்தின்மேல் அமர்ந்திருக்கிறாள். தலை இருக்கவேண்டிய இடத்தில் மின்விளக்கு! சுற்றிலும் மோட்டார் டயரும் கடிகாரமும் கார்க் கம்பெனியின் முத்திரைகளும். அச்சுப் படங்களைக் கத்தரித்து ஒட்டியதே அனைத்தும். யந்திரத்தை அவர் வைததாக நமக்குத் தோன்றவில்லை. அதன் பளபளப்பை ஒப்புக்கொண்டே, தலை எங்கே போயிற்று என்று கேட்கிறார்.

அவருடைய தோழர் ரவுல் ஹவுஸ்மன் ஒரு மரத்தலையை எடுத்து, அதில் அளவு நாடா, அடிக்கோல், கடிகார உறுப்புகள் ஆகியவற்றைப் பொருத்தினார். நெற்றியில் 22 என்று எண் சீட்டு. வெளியிலிருந்து அளக்கப்படுவதைத் தவிர அத்தலைக்குள் ஒன்றுமில்லை. கெஜக்கணக்கில் மட்டும் மதிக்கப்பட்ட நெசவாளருக்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

நம் தறியிலும் இக்கதையின் ஒரு முனை உண்டு. 1804-இல் பிரான்சில் ஜக்கார்டு அமைத்த துளையிட்ட அட்டைகளைக் கண்டே, 1830-களில் இங்கிலாந்தில் பாபேஜ் தமது கணக்கு யந்திரத்துக்கும் அட்டை வகுத்தார். அவ்வகையில் நாம் அஞ்சும் கணிப்பொறி, நமது தறிக்கொட்டகைக்குத் தூரத்து உறவே.

இனிப் பயிற்சி. கிழிந்த ஜக்கார்டு அட்டை, அறுந்த பாவு நூல், பழைய கூலிச் சீட்டு, விளம்பரப் படம் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்க. விவசாய அங்கத்தினர்கள் விதைப் பொட்டலமும் பம்பு செட்டு ரசீதும் கொணரலாம். முதலில் ஒட்டாமலே பரப்பி, மனிதனின் தலை எது, கை எது என்று இடம் மாற்றிப் பார்க்க வேண்டும். அவசரம் கூடாது, நம் அனுபவத்தில் இதற்கே ஒரு பொழுது செல்லும். பாவுக்குப் போடும் கஞ்சியே பசைக்குப் போதும். ஜக்கார்டு அட்டை மட்டும் கனமானது, காய்ந்தால் பெயர்ந்துவிடும். அதன் துளைகளிலேயே நூலைக் கோத்துத் தைத்துவிடுக.