வள்ளி ‘வழ்ழி’ ஆன கதை



ஆண்டு விழாவில் பரிசு வாங்குபவர்களின் பெயர்ப் பட்டியலை நான்தான் கம்ப்யூட்டரில் அடித்தேன். அவசரத்தில் தமிழரசி ‘தமிளரசி’ ஆகிவிட்டாள், தமிழ்ச்செல்வி ‘தமிள்ச்செல்வி’ ஆகிவிட்டாள். திருத்த ஒரு வழி இருக்கு. பைத்தானில் ‘ரீப்ளேஸ்’ என்ற கட்டளை, ஒரு எழுத்தை எடுத்துவிட்டு வேறு எழுத்தைப் போடும். (கட்டளையை ஆங்கில எழுத்தில்தான் அடிக்கணும்.)

பட்டியல்.ரீப்ளேஸ்("ள", "ழ")

ஓட்டினேன். பட்டியல் அப்படியே இருந்தது! ஏனென்றால் பைத்தான் பழைய சரத்தைத் தொடாது. திருத்திய புதுச் சரத்தைத் தரும். அதை நாம்தான் வாங்கி வைக்கணும்:

பட்டியல் = பட்டியல்.ரீப்ளேஸ்("ள", "ழ")

இப்போது தமிழரசி சரி. ஆனால் வள்ளி ‘வழ்ழி’ ஆயிட்டாள்! வெள்ளையம்மாள் ‘வெழ்ழையம்மாழ்’!

‘ள’ என்றுதானே சொன்னேன், ‘ள்’, ‘ளி’ ஏன் மாறியது? யூனிகோடு முறையில் ‘ள்’ என்பது ள + புள்ளி. ‘ளி’ என்பது ள + இகரக் குறி. ‘புதுக்கோட்டை’ நமக்கு 6 எழுத்து. பைத்தான் எண்ணினால் 12!

ஆகவே தப்பு இருக்கும் இடத்தை மட்டும் சொல்லணும்:

பட்டியல் = பட்டியல்.ரீப்ளேஸ்("தமிள", "தமிழ")

தமிழரசி, தமிழ்ச்செல்வி இரண்டு பேரும் சரியானார்கள். வள்ளி வள்ளியாகவே இருந்தாள்.

1978-ல் தமிழக அரசு, பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோதும் இப்படித்தான். ணை, லை, ளை, னை, ணா, றா, னா முதலிய 13 எழுத்துகளின் வடிவம் மட்டுமே மாறியது. கை, தை, மை எல்லாம் பழையபடியே இருந்தன.

செய்து பாருங்கள்: "கலை களை" என்பதை "களை கலை" ஆக்கணும். முதலில் ல-வை ள ஆக்கி, பிறகு ள-வை ல ஆக்கினால் "கலை கலை" என்று வரும்! முதலில் ல-வை * ஆக்குங்கள். அப்புறம் ள-வை ல ஆக்குங்கள். கடைசியில் *-ஐ ள ஆக்குங்கள். சரியாக வரும்.

சான்றிதழில் ஒரு எழுத்து மாறினாலும் அது வேறு ஆளின் பெயர். மாற்றிய பிறகு பட்டியல் முழுவதையும் ஒருமுறை வாசியுங்கள். நான் வாசித்ததால்தான் வள்ளி தப்பித்தாள்!



- 9-ஆம் வகுப்பு மாணவி