கடல் கடந்த கல்வியும் வலியறிதலும்

பொருளை ஈட்டுதல் ஓராற்றல். ஈட்டியதை அளவோடு செலவிடுதல் மற்றோராற்றல். வரவுக்கு மிஞ்சாத செலவைப் பற்றித் திருவள்ளுவர் பேசுமிடம் பொருள் ஈட்டலைக் கூறும் 'பொருள் செயல்வகை' அன்று. 48ஆம் அதிகாரமாகிய 'வலியறிதல்' ஆகும். பகைமேற் செல்லும் அரசன் தன் வலியைச் சீர்தூக்குதல் போலவே, செலவு செய்வோனும் தன் வலியைச் சீர்தூக்கல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். அயல்நாடு சென்று கற்க விழையும் நம் கல்லூரி இளைஞர்க்கு இவ்வதிகாரம் முதற்பாடமாதல் தகும்.

கொம்பனித்தெருவிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிள்ளைகளைப் பிறநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பிய குடும்பங்கள் பல உள. நகையை அடைவு வைத்தும், காணியை ஈடு வைத்தும் அனுப்பினோர் அவருட் பலர். பிரித்தானிய மாணவ விசா பெறுதற்கு வேண்டிய தொகை தொடர்ந்து 28 நாட்கள் வங்கியில் இருத்தல் வேண்டும் என்பது விதி. அத்தொகையைக் கைமாற்றாக வாங்கிக் காட்டி, விசா கிடைத்தவுடன் திருப்பிக் கொடுத்துவிடுவாரும் உளர். காட்டிய பணம் வேறு; கையிலுள்ள பணம் வேறு. இவ்வேறுபாட்டை மறந்து விமானமேறிய பிள்ளை, முதல் மாத வாடகைக்கே தடுமாற நேரிடும்.

இனி, முன்னோர் இருவரின் வாழ்க்கையை நோக்குவோம். 1888இல் சட்டங் கற்க இலண்டன் சென்ற காந்தியடிகள், பஸ் கட்டணம், தபாற் செலவு, பத்திரிகைக்குக் கொடுத்த செப்புக்காசு ஆகிய அனைத்தையும் எழுதி, இரவில் உறங்குமுன் மீதியைச் சரிபார்த்தார். அக்கணக்கே அவருக்கு ஆசானாயிற்று. ஊரிலிருந்து பணம் அனுப்பிய தமையனாரின் இடர்ப்பாட்டை எண்ணி, ஒற்றை அறைக்குக் குடிபெயர்ந்தார், அடுப்பொன்று வாங்கிக் காலையுணவைத் தாமே சமைத்தார், வண்டியேறாது நடந்தார். உணவுச் செலவு நாளொன்றுக்கு 1 சிலிங் 3 பென்ஸ் அளவில் அடங்கிற்று. இவ்வெளிமை தம் வாழ்வை வறட்சியாக்கவில்லை, மகிழ்ச்சியையே தந்தது என்று அவர் தம் சுயசரிதையில் உணர்த்துகின்றார்.

1914இல் கேம்பிரிட்ஜ் சென்ற கணிதமேதை இராமாநுசனுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண் உதவியது. அதில் 50 பவுண் குடும்பத்துக்கென ஒதுக்கப்பட்டது. திரினிற்றிக் கல்லூரி மேலும் 60 பவுண் அளித்தது. 1919இல் தாயகந் திரும்புமுன், தமக்கு உறுதி செய்யப்பட்ட தொகை தம் தேவைக்கு மேற்பட்டதென்றும், மிகுவது ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் உதவுக என்றும் அவர் எழுதினார். தம் தேவையின் எல்லையை அறிந்தவரே இங்ஙனம் எழுத வல்லார்.

ஆயினும், சிக்கனம் மட்டும் போதாத காலமும் உண்டு. 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு ஏறிற்று. 10,000 டொலர் கட்டணத்துக்கு 20 இலட்சம் திரட்டிய தந்தை, இரு மாதங்களில் 36 இலட்சம் திரட்ட வேண்டியவரானார். மாணவன் ஒரு காசும் வீணாக்கவில்லை. கடன் மட்டும் வளர்ந்தது. நாணயத்தின் வலியும் நம் வலியின் ஒரு கூறென்பதை அவ்வாண்டு உணர்த்திற்று.

இவற்றால் நாம் கொள்ளத்தக்க நெறிகள் சில:

1. பணம் வந்தவுடன் கல்விக் கட்டணத்தையும் வாடகையையும் வேறாக்குக. எஞ்சியதை வாரங்களாற் பிரித்து, அவ்வவ் வாரப் பங்குக்குள் வாழ்க.

2. நாள்தோறும் கணக்கெழுதுக. செலவை அந்நாட்டு நாணயத்திலும் ரூபாவிலும் இரு நிரலாக எழுதுக. ஒன்று அங்குள்ள விலையைக் காட்டும். மற்றொன்று வீட்டிலுள்ளோர் உழைப்பைக் காட்டும்.

3. சில மாதச் செலவுக்கேனும் ஒரு சேமிப்புத் தொகையைத் தொடாது வைத்திருக்க. நாணய வீழ்ச்சிக்கும் நோய்க்கும் அதுவே காப்பு.

4. பகுதிநேர ஊதியத்தை நம்பிக் கட்டணத்தைத் திட்டமிடற்க. பட்டப்படிப்பு மாணவர் தவணைக்காலத்தில் பிரித்தானியாவில் வாரத்துக்கு 20 மணி நேரமும், அவுஸ்திரேலியாவில் இரு வாரங்களுக்கு 48 மணி நேரமுமே பொதுவாக வேலை செய்யலாம். எல்லை மீறின் விசாவே பறிபோகும்.

5. பிறர் பணம் வந்துபோக உம் வங்கிக் கணக்கை இரவல் கொடாதீர். சிறு கூலி தருவதாகச் சொல்லி மாணவரை அணுகுவோர் உளர். அது குற்றத்துக்குத் துணைபோதலாகும்.

6. உணவையும் மருந்தையும் குறைத்து மிச்சம் பிடியாதீர். அது சிக்கனமன்று; முதலையே அழித்தலாகும்.

எல்லாவற்றினும் மேலானது உண்மை கூறலே. கையிருப்புக் குறையுமிடத்துப் பெற்றோரிடம் மறைத்து, வட்டிக் கடனுட் புகுதல் பெருந்தீங்கு. கட்டணத்தைத் தவணையாகச் செலுத்த இடந்தருமாறு பல்கலைக்கழகத்தைக் காலத்தில் கேட்டல் இழிவன்று. பெற்றோரும் தம் நிலையைப் பிள்ளைக்கு மறையாது சொல்லல் வேண்டும். குடும்பத்தின் வலியை அறியாத பிள்ளை அதற்கேற்ப வாழ்வது எங்ஙனம்?

பட்டம் பெற்று மீளும் நாளில் பெட்டியிலே பட்டச் சான்றிதழுடன் கணக்குப் புத்தகமும் இருக்குமாயின், அவ்விளைஞன் கல்வி இரண்டையும் கற்றவனாவான்.