விடலைப் பருவத்து நாய்

விலங்குகளுள் மனிதனோடு நெடுங்காலமாக நெருங்கி வாழ்ந்து வருவது நாய். அதன் மாறாத அன்பை நல்ல நட்புக்கு உவமையாகக் கூறுகின்றது நாலடியார். ஆயினும், அவ்வன்பின்மீது வளர்ப்பவர்க்கே ஐயம் பிறக்கும் காலம் ஒன்று உண்டு. அதுவே நாயின் விடலைப் பருவம். அப்பருவத்தின் இயல்பையும், அப்போது நாம் ஒழுகவேண்டிய முறையையும் இங்குக் காண்போம்.

பிறந்து இரண்டு திங்களில் நம் இல்லத்துக்கு வரும் குட்டி, நிழல்போல நம்மைத் தொடர்கின்றது. பெயர் சொல்லி அழைத்தால் ஓடி வருகின்றது. 'உட்கார்' என்றால் உட்கார்கின்றது. 'எத்துணை அறிவுள்ள குட்டி!' என்று வீட்டார் மகிழ்கின்றனர். ஆறாம் திங்கள் கடந்தபின் காட்சி மாறுகின்றது. அழைத்தால் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு வேறு திசையில் ஓடுகின்றது. செருப்பைக் கடித்துக் கிழிக்கின்றது, பூஞ்செடியின் அடியைத் தோண்டுகின்றது, விருந்தினர்மேல் தாவுகின்றது. நேற்றுவரை பொருட்படுத்தாத குடையைக் கண்டு இன்று அஞ்சிக் குரைக்கின்றது. கற்பித்தவை யாவும் வீணாயினவோ என்று வளர்ப்பவர் மனம் தளர்கின்றார்.

இம்மாறுதலுக்குக் காரணம் வளர்ச்சியே ஆகும். பெரும்பாலான நாய்களுக்கு இப்பருவம் ஆறாம் திங்களை ஒட்டித் தொடங்கி, ஒன்றரை அல்லது இரண்டு ஆண்டுவரை நீடிக்கும். சிறிய இனங்கள் விரைவில் முதிரும். பேருடல் படைத்த இனங்கள் தாழ்த்தே முதிரும். 28 பாற்பற்களும் விழுந்து, நிலைப்பற்கள் 42 முளைத்து நிரம்புவது ஏறத்தாழ ஏழாம் திங்களில். ஆதலின், எதனையும் கடித்துப் பார்க்கும் வேட்கை அதற்கு மிகுதி. உடலில் சுரக்கும் ஹார்மோன்கள் அதன் மனநிலையை மாற்றுகின்றன. ஆண் நாய் மோப்பம் பிடித்துத் தொலைவில் அலைய விரும்புகின்றது. பெண் நாய் பருவம் எய்துகின்றது. கால்களில் வலிமை பெருகிவிடுகின்றது. அவ்வலிமையை அடக்கி ஆளும் திறனோ பின்னரே முதிர்கின்றது.

இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசி ஆஷர் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் 2020-ஆம் ஆண்டில் இது குறித்து ஓர் ஆய்வை வெளியிட்டனர். பார்வையற்றோர்க்கு வழிகாட்டும் பணிக்கென வளர்க்கப்பெற்ற 69 நாய்களை ஐந்தாம் திங்களிலும் எட்டாம் திங்களிலும் அவர்கள் சோதித்தனர். 'உட்கார்' என்று வளர்ப்பவர் கட்டளையிட்டபோது, ஐந்தாம் திங்களைவிட எட்டாம் திங்களில் அவை குறைவாகவே பணிந்தன. அதே கட்டளையை அயலார் இட்டபோது பணிவு குறையவில்லை! பாடம் மறந்திருப்பின், அயலார் சொல்லுக்கும் அவை உட்கார்ந்திரா அல்லவா? வளர்ப்பவரைப் பிரிந்தால் பெரிதும் கலங்கும் நாய்களிடத்தே இக்கீழ்ப்படியாமை மிகுந்திருந்தது. பன்னிரண்டாம் திங்களில் நாய்கள் தேறிவிட்டன என்பதும் வளர்ப்போர் அளித்த விடைகளால் புலனாயிற்று. ஆதலின், இது தானே வந்து தானே நீங்கும் பருவம் எனத் தெளியலாம்.

ஆயின், இப்பருவத்தில் நாம் செய்யத்தக்கது யாது? முதலாவது, அடித்தலை அறவே விடவேண்டும். அடி, நாயின் அச்சத்தைப் பெருக்குமேயன்றிப் பணிவைத் தாராது. வெகுநேரம் கழித்துக் கண்டிப்பதாலும் பயனில்லை; எச்செயலுக்காகக் கண்டிக்கின்றோம் என்பதை நாய் உணராது. அது நற்செயல் புரிந்த அந்நொடியிலேயே சிறு உணவுத் துண்டோ, அன்பான தட்டுதலோ அளித்தல் வேண்டும். பாடம் சில நிமிடங்களே நீளலாம். நாள்தோறும் பலமுறை நிகழலாம். நாள் முழுதும் சங்கிலியில் கட்டிய நாய், அவிழ்த்தவுடன் கட்டுக்கடங்காது ஓடும். காலையும் மாலையும் அதனைக் கயிற்றில் பிடித்து நடத்திச் செல்லவேண்டும். கடிப்பதற்கென ஒரு பொருளைக் கொடுத்துவிட்டுச் செருப்பை உயரத்தில் வைத்தல் அறிவுடைமை. தாவுதலைத் தந்தை கண்டிக்க, மைந்தன் கொஞ்சி வரவேற்பானாயின், நாய் எதனைக் கற்கும்? வீட்டார் அனைவரும் ஒருநெறிப்பட நடத்தல் இன்றியமையாதது.

பொறுமை இழந்த சிலர், குட்டியாக இருந்தபோது மடியில் வைத்துக் கொஞ்சிய நாயை, இப்பருவத்தில் தெருவில் விட்டுச் செல்கின்றனர். காப்பகங்களில் நாய்கள் மிகுதியாகக் கொண்டுவந்து விடப்படுவதும் இவ்வயதிலேயே என்று அவ்வாய்வாளர் சுட்டுகின்றனர். இரை தேடி அறியாத அந்நாய், பழகிய குரலை எதிர்பார்த்து விட்ட இடத்திலேயே நிற்கும்; பசித்து மெலியும்; ஊர்திகளில் அடிபடும். பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுதல், நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். சட்டம் இல்லாவிடினும், நம்பி வந்த உயிரைக் கைவிடுதல் அறமாகுமோ?

வழிகாட்டும் நாய்களின் கதையை எண்ணிப் பாருங்கள். முதல் ஓராண்டளவு அவை அன்பர்களின் இல்லங்களில் வளர்கின்றன. அங்கே அவையும் செருப்பைக் கடித்தவையே. அழைத்தும் வாராது ஓடியவையே. அவ்வில்லத்தார் பொறுத்தனர். அதன் பயனாக, பின்னர்ப் பயிற்சி பெற்ற அந்நாய்களை நம்பிப் பார்வையற்றோர் நெரிசல் மிக்க சாலைகளையும் கடக்கின்றனர். குறும்பு நிறைந்த சில திங்களை நாம் பொறுத்துக்கொண்டால், நாய் தன் வாழ்நாள் முழுதும் நமக்குத் துணையாய் நிற்கும்.