அந்த ஐந்து விநாடி

அன்புள்ள தம்பிக்கு,

சர்வரிலிருந்து எந்தத் தளத்தைக் கூப்பிட்டாலும் தயங்கித் தயங்கித்தான் போகிறது என்று எழுதியிருந்தாய். லைனை மாற்றச் சொல்லலாமா, கூகுளின் 8.8.8.8 நேம்சர்வரைப் போட்டுவிடலாமா என்றும் கேட்டிருந்தாய். இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் ரயிலேறி, கழக்கூட்டத்தில் இறங்கி டெக்னோபார்க்குக்கு ஓடும் உன் வயதுப் பிள்ளைகளுக்கும் இந்த அவசரம் உண்டு. அதனால் எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

முதலில் தாமதத்தை அள. ‘ஸ்லோவாக இருக்கிறது’ என்றால் அது வெறும் புகார். ‘ஒவ்வொரு முறையும் சரியாக 5 விநாடி’ என்றால் அது துப்பு. லினக்ஸில் பெயரைத் தேடித்தரும் ஜிலிப்ஸி நூலகம் ஒரு நேம்சர்வரிடம் கேட்டுவிட்டு 5 விநாடி காத்திருக்கும். பதில் இல்லையென்றால் அடுத்ததிடம் போகும். யாரும் மாற்றி வைக்காதவரை இதுதான் கணக்கு. ஆகவே 5, 10 என்று தாமதம் பிசகாமல் நின்றால், ஏதோ ஒரு கேள்விக்குப் பதிலே வரவில்லை. கூடிக் குறைந்தால் மட்டும் லைனைச் சந்தேகப்படு.

அடுத்து ரிசால்வ்-கான்ஃப் கோப்பைத் திற. நேம்சர்வர் வரிகள் மூன்றுவரைதான் செல்லும், நாலாவதைச் சீண்டாது. முதலில் இருப்பது செத்துக் கிடந்தால் ஒவ்வொரு தேடலும் அங்கே 5 விநாடி நின்றுவிட்டுத்தான் நகரும். உங்கள் கேரள–தமிழக எல்லை ஊர்களில் இதை எதிர்பார்த்தே பார்க்க வேண்டும். களியக்காவிளை ஆபீசிலிருந்த மெஷினைப் பாறசாலைக்குத் தூக்கி வந்திருப்பார்கள், இணைப்பு வேறு கம்பெனிக்கு மாறியிருக்கும், பழைய கம்பெனியின் நேம்சர்வர் முகவரி மட்டும் கோப்பில் அப்படியே கிடக்கும். தன் வாடிக்கையாளர் அல்லாதவருக்குப் பல கம்பெனி நேம்சர்வர்கள் பதில் சொல்வதில்லை. கோப்பில் 127.0.0.53 என்று மட்டும் இருந்தால் நடுவில் சிஸ்டம்டி-ரிசால்வ்ட் உட்கார்ந்திருக்கிறது. உண்மையான முகவரிகளை ரிசால்வ்சிடிஎல் கட்டளை காட்டும். டிக் கட்டளையால் ஒவ்வொரு முகவரியையும் தனித்தனியே கேட்டு, கடைசியில் வரும் ‘கொயரி டைம்’ வரியைக் குறித்துக்கொள்.

டிக் வேகமாகப் பதில் தந்தும் உன் அப்ளிகேஷன் தூங்குகிறதா? டிக் நேம்சர்வரிடம் நேரே போய்க் கேட்கிறது. அப்ளிகேஷன் ஜிலிப்ஸி வழியாகப் போகிறது. அந்த வழியைச் சோதிக்க கெட்என்ட்டை ‘ஏஹோஸ்ட்ஸ்’ சேர்த்து ஓட்டு. வெறும் ‘ஹோஸ்ட்ஸ்’ போட்டால் இந்தக் கோளாறு கண்ணில் படாமல் போகலாம். கெட்என்ட்டும் 5 விநாடி எடுத்தால், 53-ஆம் போர்ட்டில் டிசிபிடம்ப்பை ஓடவிட்டுக் கவனி. ஐபிவி4 முகவரிக்கு ஒன்று, ஐபிவி6-க்கு ஒன்று என இரண்டு கேள்விகள் ஒரே போர்ட்டிலிருந்து அடுத்தடுத்துக் கிளம்பும். ஒன்றுக்குத்தான் பதில் வரும். பிறகு திரையில் அசைவில்லை. 5 விநாடி கழித்துக் கேள்வி மறுபடி போகும். நடுவில் இருக்கும் ஏதோ ஃபயர்வாலோ ரவுட்டரோ இரண்டாவது பதிலை விழுங்குகிறது. ரிசால்வ்-கான்ஃப்பில் ‘சிங்கிள்-ரிக்வெஸ்ட்-ரீஓபன்’ ஆப்ஷனைச் சேர்த்தால் வேலை ஓடும். ஆனால் சரிசெய்ய வேண்டியது அந்தப் பெட்டியை.

வெளியே போகும் தேடல் எல்லாம் சரி, எஸ்எஸ்ஹெச்சில் உள்ளே வரும்போது மட்டும் தாமதமா? அப்படியென்றால் சர்வர் உன் ஐபியைப் பெயராக்கப் பார்க்கிறதா என்று சோதி. 2015-இல் வந்த ஓபன்எஸ்எஸ்ஹெச் 6.8 முதல் ‘யூஸ்டிஎன்எஸ்’ இயல்பாகவே அணைந்திருக்கும். பழைய மெஷின்களில் நீதான் அணைக்க வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றியதைத் தேதியோடு எழுதி வை. டைம்அவுட்டை 1 ஆக்கிவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று அறிக்கை கொடுக்காதே. செத்த நேம்சர்வர் அப்போதும் கோப்பில்தான் இருக்கும்.

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 2001-இல் திருவனந்தபுரத்துக்கு வந்து கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியப் பிரிவைத் தொடங்கிவைத்தார். கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் ஐ.டி. பாடமே லினக்ஸில்தான் நடக்கிறது. அப்படியொரு பள்ளியில் படித்துவிட்டு, கோளாறு வந்ததும் பக்கத்து சீட்டுக்காரரிடம் ஐபி கேட்டு ஒட்டுவது உனக்கு அழகல்ல. 5 விநாடிக் கணக்கு, மூன்று நேம்சர்வர் வரம்பு, சிங்கிள்-ரிக்வெஸ்ட்-ரீஓபன் எல்லாம் ரிசால்வ்-கான்ஃப்பின் மேன் பக்கத்தில் இருக்கின்றன. அந்தப் பக்கம் பெரும்பாலும் உன் சர்வரிலேயே இருக்கும். இன்றைக்கே அதை முழுதாகப் படித்துவிடு.

அன்புடன்,
உன் அண்ணன்