துண்டுத் துணியில் பஞ்சுப் போர்வை: குறைந்த முதலில் தையல் மேடை

துணிக்கடை நடத்தும் நம் சகோதரர் பலரின் கடைகளில், மேசைக்கடியில் ஒரு துண்டுத் துணி மூட்டை கிடக்கும். அதை எறியவும் மனம் வராது. வாங்கவும் ஆள் வராது. மலாய் மக்கள் இத்தகைய துண்டுகளைப் 'பெர்ச்சா' என்பர். அவற்றை இணைத்துப் போர்வையாக்குவது அவர்களிடம் பழைய வழக்கம். இணைத்த துணியின் கீழே பஞ்சும், அதன் கீழே அடித்துணியும் வைத்துக் குறுக்கும் நெடுக்குமாகத் தையல் ஓட்டினால் பஞ்சுப் போர்வை கிடைக்கும். ஏர்கண்டிஷன் அறைகள் பெருகிவிட்ட இந்நாளில் இதற்கு வேலையுண்டு.

இத்தொழிலுக்கென்றே 18 முதல் 26 அங்குலம் வரை கை நீண்ட இயந்திரங்கள் விற்கின்றன. விலையோ பல்லாயிரம் வெள்ளி. தவணையில் எடுக்கலாமே என்பார்கள். அதில் வட்டி கலந்திருந்தால் நமக்கு ஆகாதென்பதை இங்கு விரிக்க வேண்டியதில்லை. வட்டியில்லாமலே கிடைத்தாலும், சரக்கு விலைபோகுமா என்று அறியுமுன் அவ்வளவு முதலை முடக்குவது உசிதமன்று.

கைமுதல் குறைந்தவருக்கு முதலில் தோன்றுவது, சாதாரணத் தையல் மிஷினைச் சக்கரப் பலகையில் ஏற்றி, உருளைகளில் சுற்றிய துணியின்மேல் ஓட்டலாம் என்பது. நாமும் அப்படியொரு சட்டம் செய்து பார்த்துக் கைவிட்டோம். வீட்டு மிஷினில் ஊசிக்கும் தூணுக்கும் நடுவே 6 முதல் 8 அங்குலமே இடம். தைத்த போர்வை உருளையில் சுற்றச் சுற்ற அதுவே அவ்விடத்தை அடைத்துக்கொள்கிறது. கடைசியில் தைப்பதற்கு மூன்று நான்கு அங்குலம் மிஞ்சினால் அதிகம்.

ஆகவே மிஷின் நிற்கட்டும், துணி நகரட்டும். செலவைச் சக்கரத்தில் போடாமல் மேசையில் போடுங்கள். போர்வை மேசை விளிம்பில் தொங்கினால் அதன் பாரம் துணியை இழுக்கும். தையல் ஒரு சீராக விழாது, ஊசியும் வளைந்து முறியும். கால் தையல் மிஷினானால் அதன் தளம் மேசையோடு சமமாகவே இருக்கும். இடப்புறமும் பின்புறமும் அதே உயரத்தில் பலகை சேர்த்தால் போதும். மின்சார மிஷினானால், பழைய மேசையில் அதன் அளவுக்குத் துவாரம் வெட்டி, அடியில் நான்கு நீண்ட போல்ட்டுகளில் ஒரு தட்டைத் தொங்கவிடுங்கள். நட்டைத் திருகித் தளத்தை மேசைக்குச் சமமாக்கலாம். மேசையின் பின்புறம் சுவரை ஒட்டியிருந்தால் போர்வை அப்பால் சரியாது.

நேர்க்கோட்டுத் தையலுக்கு, மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் 'வாக்கிங் ஃபுட்' வேண்டும். பூவேலைக்கு ஸ்பிரிங் வைத்த 'டார்னிங்' பாதம் போட்டு, அடியிலுள்ள பற்களை இறக்கிவிட வேண்டும்; இறங்காத மிஷினில் அவற்றின்மேல் மெல்லிய அட்டையை ஒட்டி மூடலாம். ஊசி 14-ஆம் நம்பர். மூன்றடுக்கையும் நான்கு அங்குலத்துக்கு ஒன்றாகப் பின்னால் குத்திக்கொண்டு, நடுவிலிருந்து வெளிப்புறமாகத் தையுங்கள். அடிப்புறத்தில் நூல் குவிந்தால் மிஷினைத் திட்டாதீர்கள். இப்பாதம் இறக்கினாலும் துணியை அழுத்துவதில்லை என்பதால், அதை இறக்க மறந்திருப்போம்.

முதற் போர்வையை விற்பனைக்கு வைக்காமல் வீட்டில் போட்டு, நாலைந்து முறை துவைத்துப் பாருங்கள். சாயம் இறங்கும் துண்டு எது, பஞ்சு எங்கே திரள்கிறது என்பதெல்லாம் வாடிக்கையாளருக்குமுன் நமக்குத் தெரிந்துவிடும்.